ஏன் ஊர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்? அமெரிக்கக் கால்பந்தின் ஜர்னிமேன் பயிற்சியாளர்கள்

அமெரிக்கக் கால்பந்துச் செய்திகளில் ஒரு பயிற்சியாளரை ‘ஜர்னிமேன்’ என்று எழுதியிருந்தால், படிப்பவர்கள் அதை இரண்டு விதமாகத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘ஜர்னி’ என்றால் பயணம்தானே, அதனால் ஊர் சுற்றுகிறவர் என்பது ஒன்று. எந்த அணியிலும் தாக்குப்பிடிக்க முடியாமல் எல்லோராலும் விரட்டப்பட்டவர் என்பது இன்னொன்று.

அந்தச் சொல்லின் வேர் பயணத்தில் இல்லை. ஒரு நாள், ஒரு நாள் வேலை என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது அது. பழைய ஐரோப்பாவில் தச்சு, கொல்லு, தையல் போன்ற தொழில்களில் ஒரு பையன் எடுபிடியாகச் சேருவான். வேலையை முழுசாகக் கற்றுத் தேறிய பிறகும், சொந்தப் பட்டறை வைக்கும் வரை நாள்கூலிக்குத்தான் வேலை செய்வான். அந்த நிலையில் இருப்பவர்தான் ஜர்னிமேன். நம் ஊர்க் கட்டட வேலையில் சொல்வதென்றால் சித்தாளும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. இடையில் இருக்கும் கைதேர்ந்த கொத்தனார். எந்த மேஸ்திரி கூப்பிட்டாலும் கரணையை எடுத்துக்கொண்டு போய்ச் சுவரை நூல் பிடித்த மாதிரி எழுப்பித் தருவார். ஊர் மாறுவதால் அவருடைய கைத்திறன் குறைந்துவிடுவதில்லை.

அந்தக் கொத்தனாரை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

## ஆட்டத்தைப் பற்றித் தேவையான அளவு

அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறிவிட்டால் மறுபடியும் நான்கு முயற்சி கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்கு. ஒவ்வொரு முயற்சியும் சில நொடிகளில் முடிந்து ஆட்டம் நின்றுவிடும். பிறகு அடுத்த முயற்சிக்குத் திட்டம் போடுவார்கள். பந்தை எறிவதா, ஓடுவதா என்ற திட்டத்தை களத்தில் நடத்துகிறவர் குவார்ட்டர்பேக்.

நின்று நின்று நடக்கும் ஆட்டம் என்பதால்தான் பயிற்சியாளருக்கு இவ்வளவு மதிப்பு. கிரிக்கெட்டில் களத்தில் நிற்கும் கேப்டன் எடுக்கும் முடிவுகளில் பெரும்பகுதியை இங்கே கோட்டுக்கு வெளியே நிற்கும் பயிற்சியாளர்கள் எடுக்கிறார்கள். ஒரு முயற்சி முடிந்ததும் 40 நொடிக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் பயிற்சியாளர் பேசலாம். கடிகாரத்தில் 15 நொடி மிச்சம் இருக்கும்போது அந்தத் தொடர்பு தானாகத் துண்டிக்கப்படும். ஆக, எதிரணி எப்படி நிற்கும் என்று கணித்து, பல நூறு திட்டங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதைச் சொல்லி முடிக்க 25 நொடி கூடக் கிடையாது. இதை ஓர் ஆட்டத்தில் அறுபது, எழுபது முறை செய்ய வேண்டும்.

தாக்கும் ஆட்டத்துக்கு ஒரு படை, தடுக்கும் ஆட்டத்துக்கு வேறொரு படை, உதைக்கும் தருணங்களுக்கு மூன்றாவது படை. என்எஃப்எல் எனப்படும் தொழில்முறை லீக்கில் 32 அணிகள் உண்டு. ஓர் அணியின் ஆட்டக்காரர் பட்டியலில் 53 பேர். மூன்று படைக்கும் ஒரே ஆளால் பயிற்சி தர முடியாது.

## கல்யாணச் சமையல் செட்டும் பயிற்சியாளர் குழுவும்

கல்யாண வீட்டுக்காரர் ஒரு தலைமைச் சமையல்காரரிடம் பொறுப்பை ஒப்படைக்கிறார். இனிப்புப் போடுகிறவர், சாம்பார் ரசம் பார்க்கிறவர், காய் நறுக்குகிறவர், பரிமாறுகிறவர் என்று மொத்த செட்டையும் அழைத்து வருவது அவர் வேலை. அடுத்த கல்யாணத்துக்கு வீட்டுக்காரர் வேறு சமையல்காரரை வைத்தால், போன தடவை ஜாங்கிரி எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும், ஜாங்கிரி போட்டவருக்கு அந்த வீட்டில் வேலை இல்லை.

என்எஃப்எல் அணியும் கிட்டத்தட்ட இப்படித்தான். உரிமையாளர் தலைமைப் பயிற்சியாளரை அமர்த்துகிறார். தலைமைப் பயிற்சியாளர் மூன்று கோஆர்டினேட்டர்களைத் தேர்ந்தெடுக்கிறார். ஒரு படை முழுவதற்கும் திட்டம் வகுத்து, ஆட்டத்தின்போது எந்தத் திட்டம் என்று சொல்பவர்தான் கோஆர்டினேட்டர். அவருக்குக் கீழே நிலைப் பயிற்சியாளர்கள்: குவார்ட்டர்பேக்குகளுக்கு ஒருவர், பந்தைப் பிடிப்பவர்களுக்கு ஒருவர், முன்வரிசைக்கு ஒருவர், பின்காவலுக்கு ஒருவர் என்று போகும். இன்றைய அணிகளில் மொத்தக் குழு இருபது பேரைத் தாண்டும்.

தலைமைப் பயிற்சியாளரை நீக்கினால் இந்த இருபது சொச்சம் பேரின் வேலையும் ஒரே நாளில் அந்தரத்தில் தொங்கும். லீக் ஆட்டங்கள் முடிந்த மறுநாளுக்கு ‘கறுப்புத் திங்கள்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். புதிதாக வருகிறவர் பழைய ஆட்களில் ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொள்ளலாம். மற்றவர்கள் பெட்டியைக் கட்ட வேண்டும்.

ஒப்பந்த விதியும் சேர்ந்துகொள்கிறது. ஒப்பந்தக் காலம் மிச்சம் இருக்கும் உதவிப் பயிற்சியாளரை இன்னோர் அணி அதே தரத்திலான வேலைக்கு அழைத்தால், இப்போதைய அணி ‘விட முடியாது’ என்று சொல்லலாம். தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அழைத்தால் தடுக்க முடியாது. கோஆர்டினேட்டர் பதவிக்கான நேர்காணலையும் தடுக்கக் கூடாது என்று 2020இல் விதி கொண்டுவந்தார்கள். நீக்கப்பட்டவருக்கு ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் வந்துகொண்டிருக்கும். புது இடத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் புதுச் சம்பளத்தை அதில் கழித்துக்கொள்வார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: உதவிப் பயிற்சியாளரின் வேலை அவருடைய திறமையோடு மட்டும் கட்டப்பட்டிருக்கவில்லை. அவரை அழைத்துவந்தவரின் வேலையோடும் கட்டப்பட்டிருக்கிறது. ஊர் மாற்றங்களில் பெரும்பகுதிக்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

## ஏணியின் கீழ்ப்படி

ஆட்டத்தில் பெயர் வாங்கியவர் ஓய்வு பெற்றதும் நேராகப் பெரிய பதவிக்குப் போய்விடுவார் என்பது இன்னொரு தப்பான எண்ணம். பலரும் தொடங்குவது ‘தரக்கட்டுப்பாடு’ என்ற பதவியில். பெயரைக் கேட்டால் தொழிற்சாலை நினைவுக்கு வரும். உண்மையில் அது வீடியோ பார்த்துக் குறிப்பெடுக்கும் வேலை.

அடுத்த வாரம் மோதப்போகும் அணியின் கடைசிச் சில ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி பதிய வேண்டும். எத்தனையாவது முயற்சி, இன்னும் எத்தனை கெஜம் தேவை, பந்து களத்தில் எந்தப் பக்கம் இருந்தது, யார் யார் உள்ளே நின்றார்கள், எந்த அமைப்பில் நின்றார்கள், தடுப்பணி என்ன செய்தது, முடிவு என்ன. இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் சேர்ந்த பிறகுதான் ‘மூன்றாவது முயற்சியில் 7 கெஜத்துக்கு மேல் தேவைப்பட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்’ என்ற கேள்விக்கு விடை கிடைக்கும். ஒரு வகை அமைப்பை வேறொன்றாகத் தொடர்ந்து தப்பாகப் பதிந்துவிட்டால் விகிதம் முழுவதும் தப்பாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் கோஆர்டினேட்டர், எதிரணி செய்யவே செய்யாத ஒன்றுக்குத் திட்டம் வைத்திருப்பார். அவ்வளவு பொறுப்பான வேலை இது, வெளியே யாருக்கும் தெரியாது.

வாரத்தின் ஓட்டம் ஏறத்தாழ எல்லா அணியிலும் ஒன்றுதான். திங்கள் அன்று முடிந்த ஆட்டத்தை அலசுவார்கள். செவ்வாய் ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு. பயிற்சியாளர்கள் அன்று இரவு வெகுநேரம் வரை திட்டம் எழுதுவார்கள். புதன் அன்று முதல் இரண்டு முயற்சிகளுக்கான பயிற்சி, வியாழன் மூன்றாவது முயற்சிக்கு, வெள்ளி எதிரணிக் கோட்டுக்கு அருகே உள்ள கடைசி 20 கெஜத்துக்கு. சனிக்கிழமை ஓடாமல் நடந்தபடியே ஒத்திகை. ஊர் மாறினாலும் இந்தத் தாளம் மாறாது. அதனால்தான் ஒருவர் ஜனவரியில் ஓர் ஊரில் வேலை இழந்து பிப்ரவரியில் இன்னோர் ஊரில் உட்கார்ந்து உடனே வேலை தொடங்க முடிகிறது.

## டிக் லெபோ: ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு காரணம்

இந்தத் தொழிலைப் புரிந்துகொள்ள டிக் லெபோவின் வாழ்க்கையை விடச் சிறந்த பாடம் கிடையாது. ஒஹாயோ மாநிலத்தில் லண்டன் என்ற சிற்றூரில் 1937இல் பிறந்தவர். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்கு ஆடினார். 1959இல் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, பயிற்சி முகாமிலேயே கழித்துவிட்டது. டெட்ராய்ட் லயன்ஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே 14 சீசன், 1972 வரை, கார்னர்பேக்காக ஆடினார். களத்தின் ஓரத்தில் நின்று, பந்தைப் பிடிக்க ஓடிவரும் எதிரணி ஆட்டக்காரரைக் காவல் காப்பவர்தான் கார்னர்பேக். எதிரணி எறிந்த பந்தை 62 முறை இடையில் பறித்தார். தொடர்ந்து 171 ஆட்டங்கள் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் ஆடினார்.

கார்னர்பேக் நின்ற இடமும் அவருக்குப் பாடம். அதிவேகத்தால் மட்டும் அந்த 62 வராது. எதிரே நிற்பவரின் கால் வைப்பு, குவார்ட்டர்பேக்கின் கண், எத்தனையாவது முயற்சி என்பதையெல்லாம் சேர்த்துப் படித்து, பந்து எங்கே வரும் என்று முன்னமே தெரிந்துகொள்ள வேண்டும். பிற்காலத்தில் குவார்ட்டர்பேக்குகளை ஏமாற்றும் திட்டங்களை எழுதியவர், 14 வருடம் அவர்களை எதிரே நின்று பார்த்தவர்.

இனி அவருடைய மாற்றங்களைக் காரணத்தோடு பாருங்கள். 1973இல் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியில் உதைக்கும் படைக்குப் பயிற்சியாளர். தலைமைப் பயிற்சியாளர் மைக் மெக்கார்மக் 1975 சீசனோடு போனார், லெபோவும் போனார். 1976 முதல் 1979 வரை கிரீன் பே பாக்கர்ஸில் பின்காவல் பயிற்சியாளர். 1980இல் சின்சினாட்டி பெங்கால்ஸுக்குப் புதிதாகப் பொறுப்பேற்ற ஃபாரஸ்ட் கிரெக்கின் குழுவில் சேர்ந்தார். கிரெக் 1983க்குப் பிறகு விலகி, சாம் வைச் வந்தபோது வழக்கத்துக்கு மாறாக லெபோவை அனுப்பவில்லை; தடுப்புப் படைக்கு கோஆர்டினேட்டராக உயர்த்தினார். தலைமை மாறினால் எல்லோரும் போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இது ஒரு சான்று. புதியவர் தனக்குத் தேவையான கையைக் கண்டுகொண்டால் வைத்துக்கொள்வார்.

1991 முடிந்து வைச் போனதும் லெபோ பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்குப் போனார். எட்டு வருடம் கோஆர்டினேட்டராக இருந்தவர் அங்கே மறுபடியும் பின்காவல் பயிற்சியாளராக ஒரு படி கீழே இறங்கிச் சேர்ந்தார். வெறும் பட்டியலாகப் பார்த்தால் இது சறுக்கல். ஆனால் அங்கே கோஆர்டினேட்டராக இருந்த டாம் கேப்பர்ஸ் 1995இல் கரோலினாவில் புதிதாகத் தொடங்கிய அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். அந்த நாற்காலி லெபோவுக்கு வந்தது. அந்த சீசனிலேயே ஸ்டீலர்ஸ் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்குப் போய் டாலஸிடம் 27–17 என்று தோற்றது.

1997இல் மீண்டும் சின்சினாட்டி. 2000இல் மூன்று ஆட்டம் முடிந்ததுமே தலைமைப் பயிற்சியாளர் புரூஸ் காஸ்லெட் விலகினார். பதவி லெபோ கைக்கு வந்தது. 2002 வரை 45 ஆட்டங்களில் 12 வெற்றி, 33 தோல்வி. நீக்கப்பட்டார். 2003இல் பஃபலோ பில்ஸில் ஒரு வருடம். அங்கும் தலைமை மாறியது. 2004இல் மீண்டும் பிட்ஸ்பர்க். இம்முறை 11 சீசன் நின்றார். 2007இல் பில் கவரின் இடத்துக்கு மைக் டாம்லின் வந்தபோதும் அவரைத் தொடவில்லை. 2006, 2009 பிப்ரவரிகளில் நடந்த சூப்பர் பவுல்களை ஸ்டீலர்ஸ் வென்றது. கடைசியாக 2015 முதல் 2017 வரை டென்னசி டைட்டன்ஸ்.

டென்னசிக்கு அழைத்தவர் கென் விசன்ஹன்ட். பிட்ஸ்பர்க்கில் லெபோ தடுப்புப் படையைப் பார்த்தபோது தாக்கும் படையைப் பார்த்தவர் அவர். இந்தத் தொழிலில் வேலை பெரும்பாலும் இப்படித்தான் கைமாறுகிறது. பக்கத்து அறையில் உட்கார்ந்து உங்கள் உழைப்பை நேரில் பார்த்தவர்தான் பத்து வருடம் கழித்து போன் செய்வார்.

ஆட்டக்காரராக 14, பயிற்சியாளராக 45, மொத்தம் 59 சீசன் இடைவிடாமல். பயிற்சியாளராக எட்டு முறை வேலைக்குச் சேர்ந்திருக்கிறார், ஆறு அணிகள். அவருடைய சொந்தக் கணக்கில் தோல்வி என்று தெளிவாக எழுதக்கூடியது சின்சினாட்டியின் தலைமைப் பதவி ஒன்றுதான்.

## ஊர் ஊராகத் தூக்கிச் சென்றது என்ன?

கொத்தனார் கரணையைக் கொண்டுபோவார். லெபோ கொண்டுபோனது ‘ஸோன் பிளிட்ஸ்’ என்ற உத்தி. இதைப் புரிந்துகொண்டால் ஓர் அணி ஏன் ஜர்னிமேனைத் தேடி வருகிறது என்பது விளங்கிவிடும்.

முதலில் பிளிட்ஸ். வழக்கமாகத் தடுப்பணியில் நான்கு பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வார்கள், ஏழு பேர் பின்னால் காவல் நிற்பார்கள். வழக்கமாகப் பாயாத இடங்களிலிருந்தும் ஆட்களை அனுப்பி நெருக்குவதே பிளிட்ஸ். இதில் ஓர் ஆபத்து உண்டு. ஒருவர் முன்னே பாய்ந்தால் அவர் நின்ற இடம் காலியாகிறது. நல்ல குவார்ட்டர்பேக் அதைக் கண்ட மாத்திரத்தில் பந்தை அந்தக் காலி இடத்துக்குச் சட்டென்று எறிந்துவிடுவார். 1980களில் குறுகிய தூரத்துக்கு வேகமாக எறியும் தாக்குதல் முறைகள் பெருகியபோது, பிளிட்ஸ் செய்த அணிகள் இப்படித்தான் அடிவாங்கின.

கபடியை நினைத்துக்கொள்ளுங்கள். பாடி வருகிறவர் வலது மூலையில் இருப்பவர் பாய்வதைப் பார்க்கிறார். அவர் விட்ட இடைவெளியில் புகுந்து கோட்டைத் தொடப் பார்க்கிறார். அங்கே, இடது பக்கம் நிற்க வேண்டிய ஒருவர் முன்னமே வந்து காத்திருந்தால்?

ஸோன் பிளிட்ஸ் செய்வது அதைத்தான். ஒரு பக்கம் லைன்பேக்கர், அதாவது முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் இரண்டாம் வரிசைக் காவலர், பாய்வார். அதே நேரத்தில் இன்னொரு பக்கம் முன்வரிசையில் நிற்கும் கனத்த ஆட்டக்காரர், பாய்வது போல ஓர் அடி வைத்துவிட்டுப் பின்வாங்கிக் காவலுக்குப் போவார். குவார்ட்டர்பேக் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்த இடத்தில் இப்போது ஆள் இருக்கிறார். கணக்கு எளிது: பொதுவாக ஐந்து பேர் பாய்கிறார்கள், மூன்று பேர் ஆழத்தில், மூன்று பேர் அதற்கு முன்னால், தனித்தனி ஆளைப் பின்தொடராமல் ஆளுக்கொரு பரப்பைக் காக்கிறார்கள். அந்தப் பரப்புக்குத்தான் ஸோன் என்று பெயர்.

குவார்ட்டர்பேக்கைக் காக்கும் ஐந்து பேருக்கும் இது குழப்பம். பின்வாங்கியவரைத் தடுக்க நின்றவருக்கு எதிரே யாருமில்லை. மறுபக்கம் ஒருவருக்கு எதிரே இரண்டு பேர் வருகிறார்கள். எண்ணிக்கை அதிகம் கூடவில்லை, வரும் திசைதான் மாறியது. ‘பாதுகாப்பான நெருக்கடி’ என்ற இந்தக் கருத்தின் விதை லெபோவுக்கு மயாமியில் பேர்பெற்ற பில் ஆர்ன்ஸ்பார்கரிடமிருந்து கிடைத்தது. சின்சினாட்டியில் கோஆர்டினேட்டரானதும் லெபோ அதை ஒரு முழு முறையாக வளர்த்தார்.

பிட்ஸ்பர்க்கில் அது ஊறிப்போயிருந்ததற்கு ஒரு காட்சி போதும். 2009 பிப்ரவரி 1, சூப்பர் பவுல். எதிரே அரிசோனா, அதன் தலைமைப் பயிற்சியாளர் மேலே சொன்ன அதே விசன்ஹன்ட். முதல் பாதி முடியும் நேரம், பந்து ஸ்டீலர்ஸ் கோட்டிலிருந்து ஒரே கெஜத்தில். பாய வேண்டிய ஜேம்ஸ் ஹாரிசன் பாய்வது போலக் காட்டிவிட்டு, தன் கணிப்பிலேயே பின்வாங்கினார். குவார்ட்டர்பேக் கர்ட் வார்னர் அவர் அங்கே இருப்பார் என்று எதிர்பார்க்கவில்லை. பந்து நேராக ஹாரிசன் கையில் விழுந்தது. களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை 100 கெஜம் ஓடி டச்டவுன் வைத்தார், அதாவது எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய்ப் புள்ளி எடுத்தார். ஆட்டம் 27–23 என்று முடிந்தது. சொல்லப்பட்ட திட்டத்தை அவர் மீறினார் என்றாலும், மீறிய விதம் அந்த முறையிலேயே வளர்ந்தவரின் விதம்.

இரண்டு வருடம் கழித்து 2011 சூப்பர் பவுலில் ஸ்டீலர்ஸ் கிரீன் பேயிடம் 31–25 என்று தோற்றது. கிரீன் பேயின் தடுப்புப் படைக்கு கோஆர்டினேட்டர் யார்? டாம் கேப்பர்ஸ். பிட்ஸ்பர்க்கில் லெபோவோடு ஒரே அறையில் அந்த முறையைச் செதுக்கியவர். பயிற்சியாளர்கள் ஊர் மாறுவதால் அறிவு பரவுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

சுருக்கமாக: அணி வாடகைக்கு எடுப்பது ஆளை மட்டும் இல்லை, அவர் தலையில் இருக்கும் முறையை.

## அதே ஆள், அதே முறை, வேறு ஊரில் ஏன் பலிப்பதில்லை?

முதல் காரணம் ஆள் பொருத்தம். லெபோவின் பிட்ஸ்பர்க் முறைக்கு முன்வரிசையில் மூன்று பேர், அடுத்து நான்கு லைன்பேக்கர்கள் வேண்டும். நடுவில் நிற்பவர் மலை போல் நின்று ஒரே நேரத்தில் இரண்டு பேரைத் தாங்க வேண்டும். ஓரத்து லைன்பேக்கர்கள் பாயவும் தெரிந்திருக்க வேண்டும், பின்வாங்கிக் காவல் காக்கவும் தெரிந்திருக்க வேண்டும். முன்வரிசையில் நான்கு பேரை வைத்து ஆடிய அணிக்குப் புதிதாகப் போனால் இந்த உடற்கட்டுள்ளவர்கள் அங்கே இருக்க மாட்டார்கள். 130 கிலோ எடையுள்ளவரைப் பின்வாங்கச் சொன்னால், அவர் சின்ன ஓர் இடைவெளியை ஓரிரு நொடி மறைப்பார். பாய்ந்தவர்கள் அதற்குள் குவார்ட்டர்பேக்கை எட்டவில்லையென்றால் வேகமான ஓட்டக்காரர் அவரைத் தாண்டிப் போய்விடுவார். முறை தப்பு என்று அப்போது எழுதுவார்கள். பாய்ந்தவர்கள் சரியான நேரத்துக்குப் போய்ச் சேராததே உண்மைக் காரணம்.

இரண்டாவது மொழி. ஒவ்வோர் அணியின் ஆட்டக் கையேட்டிலும் ஒரே அமைப்புக்கு வேறு வேறு பெயர் இருக்கும். ஒருவர் ஒரு சொல்லைத் தப்பாக எடுத்துக்கொண்டு காக்க வேண்டிய பரப்பை விட்டுவிட்டால், மற்ற பத்துப் பேர் சரியாக ஆடியும் பயனில்லை. இதனால்தான் புதிய கோஆர்டினேட்டர்கள் பழைய அணியிலிருந்து தங்களை அறிந்த ஓரிரு ஆட்டக்காரர்களைக் கூட அழைத்துவருகிறார்கள். களத்துக்குள் மொழிபெயர்க்க ஆள் வேண்டும். மூன்றாவது பொறுமை. பொருத்தமான ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்க இரண்டு மூன்று வருடம் வேண்டும், உரிமையாளர்கள் அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

தலைமைப் பதவியோ வேறு வேலையே. கோஆர்டினேட்டர் எதிரணியோடு மட்டும் மோதினால் போதும். தலைமைப் பயிற்சியாளர் 53 பேரில் யார் இருப்பது, காயம்பட்டவரை இறக்குவதா, பாதிக்கு மூன்றே முறை கிடைக்கும் டைம் அவுட்டை எப்போது எடுப்பது, நான்காவது முயற்சியில் உதைப்பதா துணிவதா என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். லெபோவின் 12–33 அவருடைய தடுப்பாட்ட அறிவைப் பற்றி நமக்கு எதுவும் சொல்வதில்லை. நல்ல கொத்தனார் நல்ல மேஸ்திரியாகத்தான் இருப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை.

## ஒரு பயிற்சியாளரின் பட்டியலை எப்படிப் படிப்பது?

ஊர்களை எண்ணாதீர்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் பக்கத்தில் தலைமைப் பயிற்சியாளர் பெயரை எழுதுங்கள். இவர் போன அதே ஜனவரியில் தலைவரும் போனாரா? பதவி ஏறியதா, இறங்கியதா? தலைவர் மாறியும் இவரை வைத்துக்கொண்டவர்கள் உண்டா? ஒருமுறை வேலை கொடுத்தவர் மறுபடியும் அழைத்தாரா? கடைசிக் கேள்விதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. உள்ளே இருந்து பார்த்தவர் மறுபடி அழைத்தால் அதற்கு மேல் நற்சான்று வேண்டியதில்லை. எல்லா நகர்வும் நல்ல நகர்வு என்று இதற்குப் பொருளில்லை. தலைவர் அங்கேயே இருக்க இவர் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே வருடத்தில் நீக்கப்பட்டிருந்தால், அங்கே ஏதோ கோளாறு இருக்கிறது.

இதை ஃபிராங்க் ரைக் விஷயத்தில் செய்து பார்ப்போம். 1985 முதல் 1998 வரை குவார்ட்டர்பேக்; பெரும்பாலும் மாற்று ஆள். பஃபலோவில் ஜிம் கெல்லிக்குப் பின்னால் நின்றவர். மாற்று குவார்ட்டர்பேக்குக்குப் பயிற்சியில் பந்து தொடும் வாய்ப்புக் குறைவு. ஆனால் எல்லாத் திட்டக் கூட்டத்திலும் உட்கார வேண்டும், எந்த நிமிடமும் இறங்கத் தயாராக இருக்க வேண்டும். அதாவது கையால் கற்க முடியாததை மூளையால் கற்க வேண்டும். பயிற்சியாளர் ஆவதற்கு இதைவிட நல்ல பள்ளி கிடையாது. கெல்லி காயத்தால் வெளியே இருந்தபோது, 1993 ஜனவரி 3 அன்று ஹூஸ்டனுக்கு எதிராக 35–3 என்று பின்தங்கிய அணியை 41–38 என்று வெல்ல வைத்தார் ரைக். 32 புள்ளி வித்தியாசத்தைக் கடந்த அந்தச் சாதனை 2022 டிசம்பர் வரை நின்றது.

அவருடைய பட்டியல்: 2008 முதல் இந்தியானாபொலிஸ் கோல்ட்ஸில் உதவியாளர். 2011 முடிந்து அங்கே தலைமை மாறியதும் அரிசோனா, தலைவர் விசன்ஹன்ட். ஒரே வருடத்தில் விசன்ஹன்டும் நீக்கப்பட்டார். 2013இல் இருவரும் சான் டியேகோவில் சேர்ந்தே வேலை பார்த்தார்கள். 2014இல் விசன்ஹன்ட் டென்னசிக்குத் தலைவராகப் போக, அவர் விட்ட கோஆர்டினேட்டர் நாற்காலி ரைக்குக்கு. 2015 முடிந்ததும் நீக்கம். 2016இல் பிலடெல்பியா; 2018 பிப்ரவரியில் மாற்று குவார்ட்டர்பேக் நிக் ஃபோல்ஸை வைத்துக்கொண்டு 41–33 என்று சூப்பர் பவுல் வெற்றி. மாற்று ஆளாக ஆடியவர் மாற்று ஆளைத் தயார்செய்த கதை அது.

அந்த வெற்றி முடிந்த சில நாட்களில் கோல்ட்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அங்கே அவருக்கு ஐந்து சீசனில் ஐந்து தொடக்க குவார்ட்டர்பேக்குகள்: ஆண்ட்ரூ லக், ஜகோபி பிரிசெட், பிலிப் ரிவர்ஸ், கார்சன் வென்ட்ஸ், மேட் ரயன். இதில் ரிவர்ஸ் சான் டியேகோவிலும் வென்ட்ஸ் பிலடெல்பியாவிலும் அவரோடு இருந்தவர்கள். மொழி தெரிந்தவர்களை அழைத்துவருவது என்று மேலே சொன்னது இதைத்தான். 40 வெற்றி, 33 தோல்வி, ஒரு சமன் என்ற கணக்கோடு 2022 நவம்பரில் நீக்கப்பட்டார். அடுத்த மாதமே அந்த அணி மினசோட்டாவுக்கு எதிராக 33–0 என்று முன்னிலையில் இருந்து தோற்று, அவருடைய பழைய சாதனையை முறியடிக்கக் காரணமானது. 2023இல் கரோலினாவில் 11 ஆட்டம், ஒரே வெற்றி, மறுபடியும் நீக்கம்.

பட்டியலை வெறுமனே படித்தால் இரண்டு முறை துரத்தப்பட்டவர். 2025இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிக்கு அவசரமாக ஒரு சீசனுக்கு மட்டும் தலைமைப் பயிற்சியாளர் தேவைப்பட்டது. அந்த அணியின் பொது மேலாளர் ஆண்ட்ரூ லக், 2018இல் ரைக்கிடம் ஆடியவர். அவர் அழைத்தது ரைக்கை.